தங்கவயல் அடுப்புகள் – 11: உப்புக்கண்டமும் நூறு பாதாமும்

சென்ற இதழில் பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் குழாய் வழியாகக் கோலார் தங்கவயலுக்கு வந்த கதையைப் பார்த்தோம். தண்ணீருக்கு அடுத்தது சோறு. அந்தச் சோற்றைப் பற்றி இன்று ஊரில் நடக்கிற ஒரு வாதத்திலிருந்தே தொடங்கலாம்.

கோரமண்டல் ஸ்டேஷன் பக்கமானாலும் சரி, ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவானாலும் சரி, நாற்பது வயது தாண்டிய நாலு பேர் கூடினால் சர்க்கரை அளவு பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. அந்த நாலு பேரில் ஒருவராவது பேலியோவை முயன்று பார்த்தவராக இருக்கிறார். ஆதிமனிதன் சாப்பிட்டதைச் சாப்பிடு, அவனுக்கு வராத நோய் உனக்கும் வராது என்பதுதான் அதன் சுருக்கம். அரிசி, கோதுமை, ராகி, பருப்பு, சர்க்கரை எல்லாம் விலக்கு. கறி, மீன், முட்டை, காய், நெய், கொட்டைகள் ஏற்பு. தமிழில் இதைப் பரப்பியவர் அமெரிக்காவில் வாழும் நியாண்டர் செல்வன். அவருடைய ‘பேலியோ டயட்’ நூலைக் கிழக்கு பதிப்பகம் வெளியிட்டது. காலையில் நூறு பாதாம் என்ற கணக்கு பட்டிதொட்டியெல்லாம் பரவியது அதற்குப் பிறகுதான்.

இதைப் பணக்காரர்களின் மோகம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. எடை குறைந்தவர்களை, சர்க்கரை இறங்கியவர்களை நானே பார்க்கிறேன். ஆனால் ஆதிமனிதன் பெயரைச் சொல்லி ஒரு தட்டை முன்னால் வைக்கும்போது, வரலாறு எழுதுகிறவன் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். ஆதிமனிதன் எங்கோ ஐரோப்பாவில் மட்டும் வாழவில்லை. இந்தப் பாலாறு ஓடுகிற நாட்டிலேயே வாழ்ந்தான். அவன் இங்கே என்ன சாப்பிட்டான்?

அவனை முதலில் நமக்குக் காட்டியவருக்கும் தங்கவயலுக்கும் தொடர்பு உண்டு. 1863 மே 30 அன்று, சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக்கல் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் மனிதக் கை செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலத்து மனிதன் இருந்தான் என்பதற்கு முதல் சாட்சி அந்தக் கல். ஃபூட் தொழிலால் புவியியலாளர். தென்னிந்தியாவில் தங்கம் கிடைக்கும் பழம்பாறைகளைத் தார்வார் தொகுதி என்று வகைப்படுத்தியவரும் அவரே. நம் கோலார்ப் பாறைப்பட்டை அந்தத் தொகுதியைச் சேர்ந்ததுதான். 1894இல் மைசூர் சமஸ்தானம் தனக்கென்று புவியியல் துறை தொடங்கியபோது, அதற்குத் தலைமை ஏற்க அழைக்கப்பட்டவரும் ஃபூட்தான்.

ஃபூட் அந்தக் கல்லைக் கையில் எடுத்த அதே 1863இல் லண்டனில் இன்னொன்று நடந்தது. சவப்பெட்டி, இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைத் தொழிலாகச் செய்துவந்த வில்லியம் பேண்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் ஆகியவற்றை விட்டதால் தன் பருமன் குறைந்தது என்று ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டார். அதில் ஆதிமனிதனைப் பற்றிய பேச்சே இல்லை. மாவுச்சத்தைக் குறைக்கும் யோசனையும் கற்கால மனிதனும் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தாலும், இரண்டையும் ஒருவர் முடிச்சுப் போட நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1975இல் வால்டர் வோட்லின் என்ற அமெரிக்க மருத்துவர் கற்கால உணவு பற்றி ஒரு நூல் எழுதினார். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1985இல் பாய்ட் ஈட்டனும் மெல்வின் கானரும் புகழ்பெற்ற மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைதான் மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 2002இல் லோரன் கார்டெய்னின் நூல் அதை வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பல்லாவரத்துக்குச் சில மாதம் கழித்து ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டெடுத்த இடம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கம். சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் தோண்டி, அங்குள்ள கைக்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011இல் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கில் கற்கருவிகள் கிடைத்த அந்த இடத்தில் விலங்குகளின் மிச்சமாகக் கிடைத்தவை ஒரு சில பற்கள்தான். செம்புரைமண் எலும்பைத் தின்றுவிடும். கிழங்கும் கீரையும் பழமும் அதற்கும் முன்னால் மட்கிவிடும். கடைசியில் மிஞ்சுவது கறி அறுத்த கல் மட்டும். கல்லை மட்டும் பார்க்கிறவருக்கு ஆதிமனிதன் கறியை மட்டுமே தின்றவனாகத் தோன்றுவது இதனால்தான். கிழங்கு தோண்டிய குச்சி அங்கே மிஞ்சவில்லை.

செடி மிச்சம் தப்பிப் பிழைத்த இடங்களில் கதை வேறாக இருக்கிறது. இலங்கையின் பாகியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள் குரங்கும் அணிலும் வேட்டையாடினார்கள். பட்டதொம்பலென குகையில் காட்டுப் பலாவும் கொட்டைகளும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஈராக்கின் ஷானிதர் குகையில், 70,000 ஆண்டுப் பழமையான அடுப்புக் கரியில், ஊறவைத்து இடித்துச் சமைத்த காட்டுப் பயறின் எச்சம் கிடைத்ததாக 2022இல் ஆய்வு வெளிவந்தது. அங்கே அடுப்பு மூட்டியவர்கள் நியாண்டர்தால்கள். பருப்பு வகை ஆதிமனிதனுக்கு ஆகாது என்ற விதி அந்தக் கரியோடு தகர்கிறது.

நம்மிடம் குகைக் கரி இல்லாத குறையை ஒரு தமிழ்ப் பாட்டு தீர்க்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. அவன் நாட்டுக்குப் போகும் வழியில் எயினர் குடியிருப்பு ஒன்று வருகிறது. எயினர் வேடர்கள். வேடர் வீட்டில் அடுப்பில் என்ன வேகிறது என்பதைப் புலவர் அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறார். பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் கரம்பு நிலத்தைக் கிளறுகிறார்கள். எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை வாரி எடுக்கிறார்கள். வீட்டு முற்றத்தில் தரையில் பதித்த உரலில் அதைக் குற்றுகிறார்கள். ஆழக் கிணற்றிலிருந்து கொஞ்சமாக ஊறும் உவர்நீரை மொண்டு, வாய் உடைந்த பானையில் சமைக்கிறார்கள். தொட்டுக்கொள்ள உலர்த்திய கறி. பாட்டில் அதற்கு வாடூன் என்று பெயர்.

வேட்டையாடிப் பிழைத்த வீட்டிலேயே தானியம் வெந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அந்தத் தானியத்தை அவர்கள் விதைக்கவில்லை. எறும்பு சேர்த்ததைத் தோண்டி எடுத்தார்கள். தோண்ட, வார, குற்ற, நீர் சுமக்க ஒரு பகல் முழுக்கப் போயிருக்கும். கிடைத்ததோ ஒரு பானை. நம் காலத்து இருளர்களும் வயல் வரப்பில் எலி வளையைத் தோண்டும்போது எலியோடு அது பதுக்கிய நெல்லையும் எடுத்துக்கொண்டார்கள். பழனி மலைப் பளியருக்கும் ஆனைமலைக் காடருக்கும் காட்டு வள்ளிக்கிழங்குதான் வயிறு நிரப்பியது. தேனும் கறியும் கிடைத்தபோது கூடச் சேர்ந்தன. அகப்பட்டதையெல்லாம் உண்டு, அதற்காக உடம்பு நோக உழைத்தவர்கள் இவர்கள். ஒரு தட்டில் அடக்கி இதுதான் வேடர் உணவு என்று பட்டியல் போட முடியாது.

அந்த வாடூன் தங்கவயலுக்குப் புதிதில்லை. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற சுரங்க நிறுவனம் இங்கே கால் ஊன்றியபின் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்த தமிழர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் வாடூனுக்கு உப்புக்கண்டம் என்று பெயர். மாட்டுக்கறியை விரல் கனத்துக்கு நீள நீளமாக அறுப்பார்கள். கல்லுப்பும் மஞ்சளும் அழுத்தித் தடவி ஒரு ராத்திரி ஊற விடுவார்கள். காலையில் சணலில் கோத்து, வீட்டு வாசலில் இரண்டு கழிக்கு நடுவே கட்டித் தொங்கவிடுவார்கள். காக்கையை விரட்ட ஒரு பிள்ளையைக் குச்சியோடு உட்கார வைப்பார்கள். நல்ல வெயில் கண்டால் சில நாளில் கறி கறுத்து முறுகிவிடும். வேண்டும்போது இரண்டு துண்டை எடுத்துத் தணலில் வாட்டி, அம்மியில் வைத்துத் தட்டினால் நார் நாராகப் பிரியும். பக்கத்தில் ராகிக் களி, கீரை மசியல்.

அந்த வீடுகளில் ஈரல் வீணாகவில்லை, குடல் வீணாகவில்லை, ரத்தம் பொரியலாயிற்று, எலும்பு சாறாயிற்று. இன்று பேலியோ பட்டியலில் ஈரலுக்கும் எலும்புச் சாற்றுக்கும் தனி மதிப்பு. இவற்றைத் தின்றதற்காகவே ஒரு மக்கள் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்தோம் என்பதைச் சொல்லாமல் அந்தப் பட்டியலை நான் படிக்க மாட்டேன். நல்ல உணவு என்று இன்று புத்தகம் சொல்வதை அவர்கள் அன்றே சமைத்தார்கள். அதற்கு அவர்களுக்குக் கிடைத்தது இழிபெயர். இன்னொரு செய்தியும் உண்டு. 2021 முதல் கர்நாடகத்தில் நடைமுறையிலுள்ள சட்டப்படி 13 வயது கடந்த எருமையைத் தவிர வேறு மாட்டை அறுக்க முடியாது. ஏழைக்கு எட்டும் விலையில் இருந்த கறி இப்போது அவன் கைக்கு அப்பால் போய்க்கொண்டிருக்கிறது.

களிக்கும் ஒரு கதை உண்டு. ராகியை நம் ஆதி உணவு என்று மேடைகளில் பேசுகிறார்கள். ராகி கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகி, கடல் கடந்து இங்கு வந்தது. நமக்கு முன்பே சொந்தமானவை கொள்ளும் பச்சைப்பயறும் சில சிறு தானியங்களும். தங்கவயலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் 1960களில் தொல்லியல் துறை தோண்டியபோது, புதிய கற்காலக் குடியிருப்பில் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. ராகியின் சிறப்பு சுண்ணாம்புச் சத்து. நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. ஆனாலும் ராகியிலும் பெரும்பங்கு மாவுச்சத்துதான். சர்க்கரை நோயாளி களியை மருந்தாக எண்ணி இரண்டு உருண்டை விழுங்கினால் அளவு ஏறத்தான் செய்யும்.

சுரங்கத்துக்குள் இறங்கியவனுக்கு அந்த இரண்டு உருண்டையும் போதவில்லை. சாம்பியன் ரீஃப் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். எட்டு மணி நேர ஷிப்டில் உடம்பு உருகி வேர்வையாக ஓடும். அவன் தின்ற மாவு ரத்தத்தில் தங்க நேரமில்லை. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்களை அரித்தது சிலிக்காத் தூசி. நெஞ்சு அடைத்து, காசநோய் தொற்றி, நடு வயதில் போனவர்கள் எத்தனையோ பேர்.

கைக்குக் காசு வந்ததும் தட்டில் அரிசி ஏறியது. கிராமத்தில் பண்டிகைக்கு மட்டும் கண்ட நெல்லுச்சோறு இங்கே சம்பளக்காரன் வீட்டுச் சோறாயிற்று. அதில் ஒரு மரியாதையும் இருந்தது. பண்ணையார் வீட்டுச் சோறு என் வீட்டிலும் வேகிறது என்ற மரியாதை. அதை எள்ளி நகையாட யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் வந்த அரிசி ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி.

அந்த அரிசியின் குறையைக் குன்னூரில் ஒருவர் எலிகளை வைத்தே காட்டிக்கொண்டிருந்தார். ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் 1920களில் அங்கே ஆய்வுக்கூடம் நடத்தினார். இன்றைய ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தாய்வீடு அதுதான். இந்தியாவின் பல வட்டாரத்தவர் உண்ணும் உணவை அப்படியே சமைத்து எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது கறி என்றிருந்த சீக்கியர் உணவுக்கு முதலிடம். தீட்டிக் கழுவிய அரிசியும் கொஞ்சம் பருப்பும் புளியும் சர்க்கரை போட்ட காபியும் கொண்ட சென்னை மாகாண உணவுக்குக் கடைசி இடம். கன்னட நாட்டு உணவு அதைவிட மேலே நின்றது. சென்னை உணவுக்கும் கன்னட உணவுக்கும் நடுவே, எல்லையில் இருக்கிறது தங்கவயல். இங்கே வந்த தமிழர்கள் களியிலிருந்து வெள்ளைச் சோற்றுக்கு நகர்ந்த அதே ஆண்டுகளில் அந்த எலிகளின் எடை குன்னூரில் பதிவாகிக்கொண்டிருந்தது. மெக்காரிசனின் பட்டியலில் வென்றது தானிய உணவுதான் என்பதையும் மறக்கக் கூடாது. தவிட்டோடு, பாலோடு, காயோடு வந்த தானியம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி நின்றது, ரேஷன் வந்தது. 1956இல் சுரங்கம் அரசுடைமையாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூடியதோடு அந்த உடல் உழைப்பும் போயிற்று. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் ரயில் ஏறி, உட்கார்ந்தும் நின்றும் பெங்களூர் போய், இரவு திரும்புகிற வாழ்க்கை வந்தது. 2013 ஜூலையில் அன்ன பாக்கியா திட்டம் தொடங்கி, மலிவு அரிசி வீடு வீடாக நிறைந்தது. பட்டினியைத் தடுத்த அந்தத் திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரிசி நிறைந்த அளவுக்குப் பயறும் முட்டையும் கீரையும் தட்டில் நிறையவில்லை. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பு 2023இல் சொன்னது.

வேடர் வாழ்க்கைக்குத் திரும்பினால் சர்க்கரை இறங்குமா என்பதை ஒருவர் நேரடியாகவே சோதித்திருக்கிறார். ஆஸ்திரேலிய ஆய்வாளர் கெரின் ஓ’டே, சர்க்கரை நோய் கண்ட பழங்குடியினர் பத்துப் பேரை நகரத்திலிருந்து அவர்களுடைய பழைய காட்டுக்கு ஏழு வாரம் அழைத்துப் போனார். கங்காரு, மீன், கிழங்கு, அத்திப்பழம், தேன் என்று தாங்களே வேட்டையாடித் தேடி உண்டார்கள். சராசரியாக 8 கிலோ குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 210இலிருந்து 120க்கு வந்தது. 1984இல் வெளியான அந்த முடிவு இன்றும் வியப்பானது. அந்த ஏழு வாரத்தில் அவர்கள் சர்க்கரையும் மாவும் பீரும் காணவில்லை, குறைவாகச் சாப்பிட்டார்கள், நாள் முழுக்க நடந்தார்கள். எது குணப்படுத்தியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓ’டேயும் எல்லாம் சேர்ந்த பலன் என்றுதான் சொன்னார்.

என் தீர்ப்பு இது. பேலியோவில் பலன் இருக்கிறது. அந்தப் பலன் பெரும்பாலும் அது தட்டிலிருந்து எடுத்துவிடுகிற மலைபோன்ற வெள்ளைச் சோற்றிலும் சர்க்கரையிலும் மைதாவிலும் இருக்கிறது. நூறு பாதாம் எந்தத் தங்கவயல் ஆதிமனிதனும் கண்டதில்லை. பேலியோ தட்டில் வரும் பனீரும் வெண்ணெயும் மாடு பழகியபின் வந்தவை. பாதாமுக்கு வழியில்லாத கோரமண்டல் வீட்டில் இரண்டு முட்டையும், ஒரு கைப்பிடிக் கொள்ளும், கீரைக் கடைசலும், பாதியாகக் குறைத்த சோறும் அதே வேலையைப் பெருமளவு செய்யும். கொள்ளை விலக்கச் சொன்னால் பையம்பள்ளியைக் காட்டுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று சோற்றை நிறுத்தக் கூடாது. மருந்தின் அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கறியைக் கூட்டுவதற்கு முன்னும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சுரங்கம் ஓடிய நாளில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் சுரங்கக் கழிவு மண் குவிந்த சைனைட் மேட்டுக்கு அப்பாலுள்ள கரம்பிலும் நம் பாட்டிமார் கீரை கிள்ளி வந்தார்கள். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, முடக்கத்தான் என்று எனக்குத் தெரிந்தவை சில. ஊருக்கு ஊர் வேறு பெயர்களும் இருக்கும். எந்த மாதத்தில் எது முளைத்தது, எதை எதோடு சேர்த்துக் கடைந்தார்கள், எதைப் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுத்தார்கள் என்று தெரிந்த பெரியவர்கள் இன்னும் லைன்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, பெயரும் பக்குவமும் எழுதி இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். வருகிறவற்றைத் தொகுத்து அடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

(தொடரும்)